அண்ணன் குடிக்கும் சிரப்பு

"போலீஸ்ல பிடிச்சுக் குடுத்துரலாமா? நீ சொல்லும்மா."

அக்கா இதைக் கேட்டபோது நாங்கள் பிரிக்ஃபீல்ட்ஸில், ஜாலான் துன் சம்பந்தனில் ஒரு வாழையிலைக் கடையில் உட்கார்ந்திருந்தோம். மதிய நேரக் கூட்டம். அக்காவின் இலையில் சோறு அப்படியே இருந்தது. என் அலுவலகத்தில் பதினோரு வருடமாகக் கணக்கு பார்ப்பவர். பூச்சோங்கில் வீடு. ஒரே மகன், பத்தொன்பது வயது. ஐஸ் எடுக்கிறான். மூன்று நாள் தூங்காமல் இருந்துவிட்டு, கூரைமேல் யாரோ நடக்கிறார்கள் என்று ராத்திரி இரண்டு மணிக்கு ஏணி போட்டு ஏறியிருக்கிறான்.

அக்கா ஏன் என்னிடம் வந்தார் என்று எனக்குத் தெரியும். அலுவலகத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். ஆனால் எனக்கு 'அப்படி ஒரு அண்ணன்' இருப்பது எல்லாருக்கும் தெரியும்.

"அவசரப்படாதீங்கக்கா" என்று மட்டும்தான் அன்றைக்குச் சொல்ல முடிந்தது. அது பதில் இல்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன். அதற்கு நான் செய்த இரண்டு காரியங்களைச் சொல்லியாக வேண்டும். இரண்டையும் உதவி என்று நினைத்துத்தான் செய்தேன்.

ஆரம்பப் பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கும்போது போதைப்பொருள் எதிர்ப்புச் சுவரொட்டிப் போட்டியில் எனக்கு மூன்றாம் பரிசு கிடைத்தது. ஒரு மண்டை ஓடு, அதன் கண்குழியில் குத்தி நிற்கும் ஊசி, கீழே சிவப்பு எழுத்தில் மரணம். அண்ணன்தான் மண்டை ஓட்டுக்கு நிழல் போடக் கற்றுத் தந்தான். எங்கள் தலைமுறை அந்தப் படத்தை வரைந்து வளர்ந்தது. 1983 பிப்ரவரி 19 அன்று மகாதீர் அரசாங்கம் போதைப்பொருளை நாட்டின் முதல் எதிரி என்று அறிவித்தது. அதே வருடம் கடத்தலுக்குத் தூக்குத் தண்டனை கட்டாயமானது. அதே வருடம்தான் போதைக்கு அடிமையானவர்களைப் பிடித்து இரண்டு வருடம் மையத்தில் அடைக்கவும், பிறகு இரண்டு வருடம் கண்காணிப்பில் வைக்கவும் சட்டம் வந்தது. அண்ணனுக்கு அப்போது ஏழு வயது. முதல் எதிரி யாரென்று கேட்டால் மண்டை ஓடு என்று சொல்லியிருப்பான்.

நிஜத்தில் அது மண்டை ஓடு மாதிரி வரவில்லை. நல்ல சிநேகிதன் மாதிரி வந்தது.

நாங்கள் கிள்ளான் பக்கத்துத் தோட்டத்து ஆட்கள். தொண்ணூறுகளின் நடுவில் தோட்டத்தை விற்று வீடமைப்புப் பகுதி ஆக்கினார்கள். எங்களுக்கு மலிவு விலை அடுக்குமாடியில் நாலாவது மாடி கிடைத்தது, லிஃப்ட் கிடையாது. பால் மரம் வெட்டத் தெரிந்த அப்பா பாதுகாவலர் வேலைக்குப் போனார். ஐந்தாம் படிவத்தோடு படிப்பை விட்ட அண்ணன் துறைமுகத்தில் லோரி கிளின்டானாகப் போனான். நாள் முழுக்க மூட்டை தூக்கும் வேலை. ஓட்டுநர்தான் முதலில் கொடுத்திருக்கிறார், அலுமினியத் தாளில் வைத்துப் புகையாக. ரொம்ப வருடம் கழித்து ஒரு நாள் அண்ணன் சொன்னான்: "மொத தடவ எடுத்தன்னிக்கு என்னா தெரியுமா பாப்பா நடந்துச்சு? ஒன்னுமே நடக்கல. முதுகு வலிக்கல. அவ்ளோதான்."

எங்கள் தாத்தாவும் கள்ளைப் பற்றி இதையேதான் சொல்வாராம். நம்மவர்கள் குடிப்பதைப் பற்றிப் பேசும்போது எல்லாரும் ஏதோ நம் ரத்தத்தில் கோளாறு என்பதுபோலப் பேசுவார்கள். எனக்கு எரிச்சல் வரும். கள்ளுக்கடை தோட்டத்துக்குள்ளேயே இருந்தது. கொடுத்த கூலியில் ஒரு பகுதி அந்தக் கடை வழியாகத் திரும்பிப் போனது. 1941இல் இதே கிள்ளான் வட்டாரத்தில் தோட்டத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தபோது, சம்பளத்தோடு சேர்த்து அவர்கள் கேட்டவற்றில் ஒன்று கள்ளுக்கடைகளை மூடு என்பது. வெள்ளைக்காரத் துரைக்கு முன்னால் சைக்கிளை விட்டு இறங்காமல் போகும் உரிமையும் அந்தப் பட்டியலில் இருந்தது. தமிழ் நேசன் துணையாசிரியராக இருந்த ஆர்.எச். நாதன் அதற்கு முன்னால் நின்றார். மே மாதம் அவரைக் கைது செய்து பிறகு நாடு கடத்தினார்கள். பட்டாளம் வந்து சுட்டது. குடித்துக்கொண்டிருந்தவர்களே குடிக்கும் இடத்தை மூடச் சொல்லிப் போராடியிருக்கிறார்கள் என்பதை நான் முப்பது வயதுக்கு மேல்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். எந்தப் போட்டியிலும் அதை வரையச் சொல்லவில்லை.

அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். புகை இரண்டு வருடத்தில் ஊசியானது. வீட்டில் முதலில் காஸ் தோம்பு காணாமல் போனது, அப்புறம் அம்மாவின் தையல் மிஷின். அம்மா அவனை அறையில் வைத்துப் பூட்டினார். ஹெராயின் நிறுத்தினால் உடம்பு என்ன செய்யும் என்று அப்போதுதான் நேரில் பார்த்தேன். எட்டுப் பத்து மணி நேரத்தில் கொட்டாவி, மூக்கு ஒழுகல். ராத்திரிக்குள் வாந்தி, பேதி, எலும்புக்குள் பூச்சி ஊர்வதுபோல ஒரு குடைச்சல். இரண்டாம் மூன்றாம் நாள்தான் உச்சம். ஒரு வாரம் தாங்கினால் உடம்பு அடங்கிவிடும் என்று இன்றைக்குத் தெரியும். மூன்றாம் நாள் விடியற்காலையில் அம்மா கதவைத் திறந்துவிட்டார். அவன் ஓடினான். அம்மாவைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அந்தச் சத்தத்தை அவரைப்போல மூன்று ராத்திரி கேட்டவள் நான்.

இதற்கு நடுவில் கோயில், கயிறு, தாயத்து, பத்துமலைக்குக் காவடி எல்லாம் நடந்தன. அதைச் சுருக்கமாகவே விடுகிறேன். அண்ணன் காவடி எடுத்த வருடம் நாற்பத்தெட்டு நாள் சுத்தமாக இருந்தான். நாற்பத்தொன்பதாம் நாள் இல்லை.

2002இல் எனக்கு இருபத்திரண்டு வயது. ஒரு மத்தியானம் அண்ணன் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நான் கீழே போய்ப் பொதுத் தொலைபேசியிலிருந்து பாலாய்க்குப் போன் செய்தேன். அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. உள்ளே போனால் திருந்துவான், குறைந்தபட்சம் எங்கள் கண்ணுக்கு முன்னால் சாக மாட்டான் என்று நினைத்தேன். இரண்டு மாத்தாக்கள் நாலு மாடி ஏறி வந்தார்கள். கையைக் கழுவவிட்டு விலங்கு மாட்டினார்கள். போகும்போது அவன் என்னைப் பார்த்து, "பாப்பா, அந்த ஃபேன ஆஃப் பண்ணிரு, கரண்டு பில்லு ஏறும்" என்றான். போன் செய்தது நான்தான் என்று அவனுக்கு அப்போதே தெரியுமா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

சிறுநீர்ச் சோதனை, மாஜிஸ்திரேட், இரண்டு வருட உத்தரவு. வடக்கே ஒரு மறுவாழ்வு மையத்துக்கு அனுப்பினார்கள். அண்ணன் அங்கே நன்றாக அணிவகுத்து நடக்கக் கற்றுக்கொண்டான். கட்டிலை மடிப்பில்லாமல் விரிக்கக் கற்றுக்கொண்டான். உடம்பு தேறியது. 2004இல் வீட்டுக்கு வந்தபோது அம்மா ஆரத்தி எடுத்தார். நாலாவது மாடி, அதே வீடு. கீழே அதே கடை, அதே பையன்கள். அந்த ஊரில் வாழ்வது எப்படி என்று மட்டும் அங்கே யாரும் சொல்லித் தரவில்லை.

ஒன்பதாம் நாள் கிள்ளானில் ஒரு பின் சந்தில் விழுந்து கிடந்தான். கூட இருந்தவர்கள் ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு ஓடிவிட்டார்கள். அவர்கள் இறக்கிவிட்டதால்தான் பிழைத்தான். அது வேண்டுமென்று செய்த காரியம் என்று நாங்கள் பல வருடம் நினைத்தோம். அவன் பழைய அளவைத்தான் எடுத்திருக்கிறான். இரண்டு வருடம் எடுக்காத உடம்புக்கு அந்தப் பழைய அளவைத் தாங்கும் சக்தி போயிருந்தது, மூச்சு அடங்கிவிட்டது. சிறையிலிருந்தோ மையத்திலிருந்தோ வெளியே வரும் முதல் இரண்டு வாரம்தான் ஹெராயின் எடுப்பவர்கள் அதிகம் சாகும் காலம் என்பது உலகம் முழுக்கத் தெரிந்த விஷயம். ஆரத்தித் தட்டோடு நின்ற எங்களுக்குத் தெரியாது.

2002இல் இந்த நாட்டில் ஒரே வருடத்தில் ஏறத்தாழ 7,000 பேருக்குப் புதிதாக எச்ஐவி கண்டுபிடிக்கப்பட்டது. பெரும்பாலோர் ஊசியைப் பகிர்ந்தவர்கள். போர், எதிரி என்று இருபது வருடம் பேசிய அரசாங்கம் அப்போதுதான் கொஞ்சம் இறங்கி வந்தது. 2005 அக்டோபரில் மெத்தடோன் சிகிச்சையையும், அடுத்த வருடம் சுத்தமான ஊசி கொடுக்கும் திட்டத்தையும் தொடங்கினார்கள். பழைய ஊசியைக் கொடுத்தால் புது ஊசி. பத்திரிகையில் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. நாமே ஊசி வாங்கிக் கொடுப்பதா?

ஊசி கொண்டுவந்த மலாய்க்காரர் ஒருவர்தான் அண்ணனைக் காப்பாற்றினார். அவரும் பழைய ஆள்தான், பதினைந்து வருடம் எடுத்தவர். அண்ணன் அவரை 'பாங்' என்பான். பாங் ஒரு தடவைகூட நிறுத்து என்று சொன்னதில்லையாம். கையில் சீழ் பிடித்திருந்ததைப் பார்த்து மருந்து போட்டுவிட்டிருக்கிறார். அடுத்த வாரம் வந்து, ஆறிவிட்டதா என்று பார்த்திருக்கிறார். நாலாவது மாதம் அண்ணனே அவரிடம் கேட்டிருக்கிறான், "அந்தத் தண்ணி எங்க பாங் குடுக்குறாங்க?"

2008இல் கிள்ளானில் ஓர் அரசாங்க கிளினிக்கில் பதிந்துகொண்டான். மெத்தடோன் சிரப்பு. எங்கள் வீட்டில் 'சிரப்பு' என்றுதான் அதற்குப் பெயர். ஹெராயினை அண்ணன் எப்போதும் 'மருந்து' என்றுதான் சொல்வான், மலாய்ப் பையன்கள் 'உபாட்' என்பதுபோல. மருந்தை மருந்து என்று சொல்லாமல் சிரப்பு என்றும், மருந்தல்லாததை மருந்து என்றும் சொல்லிக்கொண்டிருந்த வீடு எங்களுடையது.

இது எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நானே தப்பாகப் புரிந்துகொண்டேன். ஹெராயின் சில மணி நேரத்தில் இறங்கிவிடும். இறங்கியதும் அந்தக் குடைச்சல் தொடங்கும். அதனால் ஒரு நாளில் மூன்று நாலு தடவை தேட வேண்டும், ஒவ்வொரு தடவைக்கும் காசு தேட வேண்டும். அந்த ஓட்டத்தில் வேலை, குளியல், சோறு எதுவும் நிற்காது. மெத்தடோனும் மூளையில் அதே இடத்தில்தான் போய் உட்காருகிறது. ஆனால் மெதுவாக ஏறும், ஒரு நாள் முழுக்க நிற்கும். அளவு சரியாக அமைந்துவிட்டால் கிறுகிறுப்பும் இல்லை, குடைச்சலும் இல்லை. முப்பது மில்லிகிராமில் தொடங்கிப் படிப்படியாக எண்பதுக்கு ஏற்றினார்கள். தினமும் காலையில் மருந்தாளர் கண் முன்னால் சின்ன பிளாஸ்டிக் கப்பில் குடிக்க வேண்டும். குடித்துவிட்டு ஏதாவது பேசிக் காட்ட வேண்டும், வாயில் அடக்கி வைத்துக்கொள்ளவில்லை என்று தெரிய. அண்ணன் "தெரிமா காசே" என்று சொல்லிவிட்டு வருவான்.

அடுத்த ஐந்து வருடம் அவன் ஜாலான் தெங்கு கிளானாவில் ஒரு மளிகை மொத்தக் கடையில் வேலை செய்தான். அதே மூட்டை தூக்கும் வேலைதான். எட்டு மணிக்குக் கிளினிக், எட்டரைக்குக் கடை. தீபாவளிக்கு அம்மாவுக்குப் புடவை வாங்கிக் கொடுத்தான். தையல் மிஷினும் வாங்கிக் கொடுத்தான், பழையது, ஆனால் ஓடியது.

2013இல் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது.

மாப்பிள்ளை வீட்டார் நல்லவர்கள். அண்ணனைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் யாராவது கேட்பார்கள் என்று நான் தினமும் பயந்தேன். "அண்ணன் காலைல எங்க போறாரு?" என்று ஒருவர் கேட்டால் என்ன சொல்வது? பேச்சு எங்கே போனாலும் நம் ஆட்கள் கடைசியில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இப்ப திருந்திட்டானா?" சிரப்பு குடிக்கிறவன் திருந்தியவனா இல்லையா? ஒரு போதையை விட்டு இன்னொரு போதை என்று என் பெரியம்மா சொல்வார். எனக்கும் உள்ளுக்குள் அந்த எண்ணம்தான். மண்டை ஓடு வரைந்த கை அல்லவா?

ஒரு ராத்திரி அவன் சாப்பிட்டு முடித்ததும் உட்கார வைத்துச் சொன்னேன். "எனக்காக ஒன்னே ஒன்னு செய்யி அண்ணே. கல்யாணத்துக்குள்ள அத விட்டுரு. முழுசா சுத்தமா என் பக்கத்துல வந்து நில்லு."

அவன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். "சரி பாப்பா" என்றான்.

டாக்டர் வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்கிறார். குறைப்பதென்றால் மெதுவாக, உங்களுக்குத் தோன்றும்போது செய்யலாம், ஒரு தேதி வைத்துக்கொண்டு செய்யக்கூடாது என்றாராம். அண்ணன் அதை என்னிடம் சொல்லவில்லை. எண்பது அறுபதாகி, நாற்பதாகி, ஐந்து மாதத்தில் நின்றுவிட்டது. அந்த ஐந்து மாதமும் நான் பெருமைப்பட்டேன். இன்விடேஷன் கார்டு கொடுக்கப் போகும்போது அவனையும் கூட்டிக்கொண்டு போனேன். அவன் இளைத்ததைப் பார்த்து, கல்யாண வேலை அதிகம் என்று நினைத்துக்கொண்டேன்.

கிள்ளானில்தான் மண்டபம். பொரியிடும் சடங்குக்கு ஐயர் பெண்ணின் சகோதரனைக் கூப்பிட்டார். அண்ணன் வேட்டி சட்டையில் வந்து நின்றான். என் கையில் பொரியைப் போடும்போது நான் நிமிர்ந்து அவன் கண்ணைப் பார்த்தேன். கண்மணி இரண்டும் ஊசி முனை அளவுக்குச் சுருங்கியிருந்தது. அத்தனை வருடம் பார்த்தவளுக்கு வேறு எதுவும் தேவையில்லை. ஹோமப் புகைக்கு எல்லார் கண்ணும் கலங்கியிருந்தது, அவன் கண்ணில் மட்டும் ஒன்றும் இல்லை. பொரி ஒன்றுகூடக் கீழே சிந்தாமல் அவ்வளவு கவனமாகப் போட்டான்.

சாப்பாட்டு நேரத்தில் ஆளைக் காணவில்லை. மாப்பிள்ளையின் அத்தை சங்கிலி காணவில்லை என்று ஒரு சலசலப்பு. யாரும் பெயரைச் சொல்லவில்லை, எல்லாரும் எங்கள் பக்கம் பார்த்தார்கள். நானும் அவன்தான் என்றே நினைத்தேன். சங்கிலி சாயங்காலம் அந்த அத்தையின் கைப்பையிலேயே இருந்தது. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்பதற்கு ஆள் அங்கே இல்லை.

அதற்குப் பிறகு நாலு மாதம் தகவல் இல்லை. பிறகு பிடிபட்டான். 15ஆம் பிரிவு, உடம்பில் செலுத்திக்கொண்ட குற்றம். அதற்கு 5,000 வெள்ளிவரை அபராதம் அல்லது இரண்டு வருடம்வரை சிறை. இவனுக்குப் பத்து மாதம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, போனை எடுத்து முதலில் சொன்னது, "ஒன் கல்யாணத்த கெடுத்துட்டேன் பாப்பா." இல்லை அண்ணே, நான்தான் உன்னைக் கெடுத்தேன் என்று சொல்ல எனக்கு அங்கே வாய் வரவில்லை. அப்புறமும் நாலு வருடம் வரவில்லை. ஒரு நாள் கோமுட்டரில், ஷா ஆலாம் தாண்டும்போது சொன்னேன். அவன் சன்னலைப் பார்த்துக்கொண்டே, "நானும்தான விட்டுறணும்னு நெனச்சேன். எனக்கும் வெக்கமாத்தான இருந்துச்சு" என்றான். அந்த வெட்கத்தை அவனுக்குள் வளர்த்தவர்களில் நானும் ஒருத்தி.

2014 கடைசியில் விடுதலையானான். இந்த முறை ஆரத்தி இல்லை. இரண்டு வாரம் லீவு போட்டுவிட்டு கிள்ளான் வீட்டில் தங்கினேன். மறுநாள் காலையிலேயே கிளினிக். தினமும் அவனோடு போய் வாசல் பெஞ்சில் உட்கார்ந்தேன். நான் அங்கே எதுவும் செய்யவில்லை, கூடப் போனேன், அவ்வளவுதான். ஆனால் அந்த பெஞ்சில் உட்கார்ந்துதான் எனக்குச் சில விஷயம் விளங்கியது. பூலாவ் இண்டாவிலிருந்து மோட்டாரில் வரும் மலாய்க்காரர், பள்ளி வேன் ஓட்டும் நம்மவர், பேரப்பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வரும் சீனப் பெரியவர். குடித்துவிட்டு ஒரு சொல் பேசிக் காட்டிவிட்டு வேலைக்குப் போய்விடுவார்கள். சர்க்கரைக்கு அப்பா தினமும் மாத்திரை போட்டபோது, எப்போது திருந்துவீர்கள் என்று நாங்கள் கேட்டதில்லை.

இன்னொன்றும் அந்த பெஞ்சில்தான் கேள்விப்பட்டேன். 2010இல் மலாயாப் பல்கலைக்கழகத்துக்கு எதிரே உள்ள அர்-ரஹ்மான் பள்ளிவாசலிலேயே, அந்தப் பல்கலைக்கழக டாக்டர்களின் உதவியோடு மெத்தடோன் கொடுக்கத் தொடங்கினார்கள். தொழுகைக்கு வருகிறவன் சிரப்பையும் குடித்துவிட்டுப் போகலாம். இதைக் கேட்டுவிட்டு நான் ஒரு கோயில் நிர்வாகத்திடம் போய், சிரப்பெல்லாம் வேண்டாம், இந்த மாதிரி குடும்பங்கள் மாதம் ஒரு தடவை உட்கார்ந்து பேச ஓர் அறை கொடுங்கள் என்று கேட்டேன். கோயில் பெயர் கெட்டுவிடும் என்றார்கள். அதே மண்டபத்தில் வருடா வருடம் ஆயிரம் பேருக்கு அன்னதானம் நடக்கிறது. அதில் எத்தனை வீட்டில் ஒரு பையன் பூட்டிய அறைக்குள் இருக்கிறான் என்று அவர்களுக்குத் தெரியாதா?

2018இல் அண்ணனுக்கு ஹெபடைட்டிஸ் சி இருப்பது தெரிந்தது, பழைய ஊசிகளின் கணக்கு. நல்லவேளையாக அதற்கு முந்தைய வருடம்தான் மலேசிய அரசாங்கம் சொஃபொஸ்புவிர் மாத்திரைக்குக் காப்புரிமையைத் தாண்டி உரிமம் கொடுத்து, அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கிடைக்க வழி செய்திருந்தது. பன்னிரண்டு வாரம் மாத்திரை. ஒரு நாளும் தவறவில்லை. தினமும் கிளினிக்குக்குப் போய்ப் பழகியவனுக்கு மாத்திரை பெரிய காரியமா? கிருமி போய்விட்டது.

இப்போது அக்காவின் மகன்.

அங்கேதான் என் அனுபவம் பாதியில் நின்றுவிடுகிறது. ஐஸுக்குச் சிரப்பு இல்லை. ஹெராயினுக்கு மெத்தடோன்போல ஐஸுக்கு என்று அங்கீகரிக்கப்பட்ட மருந்து இன்னும் வரவில்லை. இன்றைக்கு நம் பையன்கள் எடுப்பது பெரும்பாலும் அதுதான். ஹெராயின் ஆளைத் தூங்க வைக்கும், இது தூங்கவிடாது. நாள் கணக்கில் தூக்கம் இல்லாதபோது சந்தேகம் வரும், குரல் கேட்கும், கூரையில் ஆள் நடப்பார்கள். அந்த நேரத்தில் அவனிடம் கூரையில் யாரும் இல்லை என்று வாதாடினால், நம்மையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்துவிடுவான்.

அக்காவிடம் மறுவாரம் நான் சொன்னதெல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். விழித்திருக்கும்போது எதுவும் பேசாதீர்கள், குரலைத் தாழ்த்துங்கள். கத்தியை எடுத்தாலோ, சாகிறேன் என்றாலோ நேரே ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள், மனநல டாக்டர் பார்க்கட்டும். ஐஸ் இறங்கினால் ஒரு நாள், இரண்டு நாள் தூங்குவான். எழுந்ததும் பயங்கரமாகப் பசிக்கும், மனசு சோர்ந்திருக்கும். பேசுவதென்றால் சாப்பிட்டு முடித்த அந்த நேரம்தான். அப்போதும் பிரசங்கம் வேண்டாம். எங்கே போகலாம் என்று ஓர் இடத்தை முன்னாலேயே விசாரித்து வைத்திருங்கள், அவன் சரி என்றால் அன்றைக்கே போக. தானே வந்து கேட்பவர்களுக்கென்று அரசாங்கம் 2010இல் கியூர் அண்ட் கேர் கிளினிக்குகளைத் தொடங்கியது. மையத்தில் அடைபடுவது மட்டும்தான் வழி என்றிருந்த 2002 இல்லை இது. கடன்காரன் வந்தால் அவன் கடனை நீங்கள் அடைக்காதீர்கள். ஆனால் சோற்றை நிறுத்தாதீர்கள்.

"இதெல்லாம் செஞ்சா கேப்பானா?" என்றார் அக்கா.

1999இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வைச் சொன்னேன். அது குடிகாரர்களின் குடும்பங்களை வைத்துச் செய்தது. ராபர்ட் மையர்ஸ் என்பவரும் கூட இருந்தவர்களும் குடும்பத்தாருக்கு மூன்று விதமாகப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். எல்லாரும் கூடி அவனை உட்கார வைத்து நேருக்கு நேர் கேட்கும் முறையில் 30 சதவீதக் குடும்பங்களில்தான் ஆள் சிகிச்சைக்கு வந்தான். விலகி நின்று உன்னைப் பார்த்துக்கொள் என்ற முறையில் 13. குடிக்காத நேரத்தில் அன்பாக இருந்து, குடித்த நேரத்தில் விலகி, சரியான தருணத்தில் கேட்பதைக் கற்றுக் கொடுத்த மையர்ஸின் முறையில் 64. அக்கா கணக்குப் பார்ப்பவர் இல்லையா, உடனே சொன்னார்: "அப்ப மிச்சம் முப்பத்தாறு?" எனக்குப் பதில் தெரியவில்லை.

"போலீஸ்?" என்று மறுபடி கேட்டார். நான் 2002இல் ஃபேனை ஆஃப் பண்ணிய கதையைச் சொன்னேன். இதுவரை யாரிடமும் சொல்லாதது.

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் பிரிக்ஃபீல்ட்ஸுக்கு வந்தான். ஞாயிற்றுக்கிழமைக்கான சிரப்பை முதல் நாளே புட்டியில் கொடுத்துவிடுவார்கள். இத்தனை வருடம் ஒழுங்காக வருகிறவனுக்குக் கிடைக்கும் சலுகை அது. வீட்டில் குடித்துவிட்டு கோமுட்டர் பிடித்து வந்தான். கேஎல் சென்ட்ரலுக்குப் பக்கத்தில் ஒரு மாமாக் கடை. அக்கா தன் மகனை, என்ன சொல்லியோ, கூட்டிக்கொண்டு வந்திருந்தார். ரெண்டு நாள் தூங்கி எழுந்த முகம். அவர்கள் இரண்டு பேரும் ஒரு மேசையில், நானும் அக்காவும் இரண்டு மேசை தள்ளி. பையன் மூன்று ரொட்டி சானாய் சாப்பிட்டான். அண்ணன் தே தாரிக்கைத் தொடாமல், கைப்பேசியில் ஏதோ காட்டிக்கொண்டிருந்தான். பையன் ஒரு தடவை சிரித்தான். அக்கா என் கையைப் பிடித்தார், விரல் சில்லென்று இருந்தது.

ஸ்டேஷனுக்கு நடக்கும்போது அண்ணனிடம் கேட்டேன், "என்னா சொன்ன அவன்கிட்ட?"

"ஒன்னும் சொல்லல. மோட்டார் பத்திப் பேசுனோம். அவன்கிட்ட பழைய ஆர்எக்ஸ் ஒன்னு இருக்காம், ஓடலையாம். அடுத்த ஞாயித்துக்கெழம போயிப் பாக்குறேன்னு சொல்லியிருக்கேன்."

"இருப்பானா?"

"தெரியல. நான் போவேன்." கடிகாரத்தைப் பார்த்தான். "ஏழே காலு ரயிலு பாப்பா. அத விட்டா அரை மணி நேரம் நிக்கணும். நாளைக்கு கிளினிக்குல வேற ஆளு ஜாஸ்தியா இருக்கும், திங்கக்கெழம."